இடது கையால் ஒரு சுவர்

"நீ ஆரம்பிப்பே பாப்பா. முடிக்க மாட்டே லா."

அப்பா இதைக் கோபத்தில் சொல்லவில்லை. தட்டில் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே, சாயங்காலம் மழை வரும் என்பது போலச் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன். இப்படி அமைதியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

அவர் பக்கம் சாட்சிகள் நிறைய இருந்தன. வானொலிப் பெட்டிக்கு நான் பின்னத் தொடங்கிய நூல் உறை முக்கால்வாசியில் நின்றுபோய், பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் குளிரில் விட்டது போல வெளியே தெரிந்தது. தட்டச்சு வகுப்புக்கு ஏழு வாரம் போனேன். சைக்கிள் கற்றுக்கொண்டேன், ஏறவும் ஓட்டவும் வந்துவிட்டது, ஒழுங்காக இறங்கக் கற்றுக்கொள்வதற்குள் ஆர்வம் போய்விட்டது. வேலியோ மரமோ எதிர்ப்பட்டால்தான் இறங்குவேன்.

"பள்ளிக்கூடத்த முடிக்கலையா? பதினாலு வருசம் படிச்சேனே" என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அதை நாளுக்கு இரண்டு முறையாவது யாருக்காவது நினைவுபடுத்துவது என் வழக்கம்.

"அத நீயா முடிக்கலே. வருசம் ஆனா அவங்களே மேல தள்ளி விட்டுருவாங்க" என்றார் அப்பா. அம்மா சிரித்த சிரிப்பில் ரசம் அவள் மூக்கில் ஏறியது.

அன்றைக்குப் பேச்சு வீட்டுச் சுவரில் தொடங்கி ஒரு தாளில் போய் நின்றது. ஜொகூர் பக்கம் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்வதற்கு அப்பாவின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். தீபாவளி முடிந்த வாரத்துக்குள் தாள் அங்கே போய்ச் சேர வேண்டும். அப்பா அதைப் பத்து நாளாக முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கேட்டால், "சாமி யோசிக்கட்டும்" என்பார்.

உண்மையில் யோசித்துக்கொண்டிருந்தது அவர்தான். "அங்க போயி, ரெண்டு மாசத்துல அழுதுகிட்டு வந்து நின்னேன்னா? சுங்காய்லேர்ந்து தாப்பா வரைக்கும் நம்ம சனம் இருக்கு. ஆளாளுக்குக் கேப்பான். நான் என்னத்தச் சொல்றது?"

சுவர் விஷயம் வந்தது இப்படித்தான். வீட்டின் வெளிப்புறம் பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்திருந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. கூட வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு வண்ணம் அடிக்கச் சொல்லலாம் என்று அப்பா சொல்ல, எதற்கு, நானே அடிக்கிறேன் என்று நான் சொல்ல, அதற்குத்தான் அந்தப் பதில்.

"சரி. மூணு சுவரும் நானே அடிக்கிறேன். தீபாவளிக்குள்ள முடிச்சுட்டா நீங்க கையெழுத்துப் போடணும்."

"பாதியில விட்டா?"

"விட்டா அந்தத் தாள நானே கிழிச்சுப் போட்டுர்றேன்."

சொல்லிவிட்டேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து விதிகளை வகுத்தார். சுரண்டுவதற்கும் கழுவுவதற்கும் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரஷ் மட்டும் என் கையில்தான் இருக்க வேண்டும். கங்காணியாக இருந்து நாலு பேரை விரட்ட முடியாமல் போன குறை அவருக்கு எப்போதும் உண்டு.

மூன்று சுவர் என்றது, எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு என்பதால். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நான்காவது பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியிருந்தது. ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிய பழைய குட்டைகளைத் தூர்த்த நிலத்தில் கட்டிய மலிவு விலை வீடுகள் அவை. அதற்கு மூன்று வருடம் முன்புவரை சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்களும் மூட்டை கட்டினோம். லயத்துக்கு வருடம் ஒரு முறை நிர்வாகமே ஆள் விட்டுச் சுண்ணாம்பு அடிக்கும். கீழே இரண்டு சாண் உயரத்துக்குக் கறுப்புத் தார். என்ன நிறம் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்டது கிடையாது.

அதனால் வண்ணக் கடையில் எங்களிடம் கேட்டபோது எங்களுக்கே பதில் தெரியவில்லை. அப்பா, "வெள்ளை அடிச்சு, கீழ தாரு பூசிரு, பாக்க லெச்சணமா இருக்கும்" என்றார். அம்மாவுக்கு நீலம். கடையில் கொடுத்த நிற அட்டையை நான் இரண்டு நாள் படித்தேன். பின்னால் இருந்த சின்ன எழுத்து, மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. கடைசியில் சந்தன நிறம் என்று அறிவித்தேன்.

"வீட்டுக்குச் சந்தனம் பூசப் போறாளாம். அப்புறம் பொட்டு வைப்பா" என்றாள் அம்மா.

உடுத்திக்கொள்ள என்னுடைய பழைய பள்ளிச் சீருடையை எடுக்கப் போனேன். அம்மா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "படிச்ச துணியில சாயம் படவே கூடாது." அந்தச் சீருடையை அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அதற்குப் பதில் அவள் எடுத்துக் கொடுத்தது, தான் பால்மரம் சீவப் போகும்போது போட்டுக்கொண்ட நீளக்கைச் சட்டை. காய்ந்த ரப்பர் பால் பட்டுப் பட்டு அது கீழே வைத்தால் தானே நிற்கும். வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தலைக்குக் கட்டிக்கொள்ள ஒரு துண்டு.

கண்ணாடியில் பார்த்தேன். பதினாலு வருடம் படித்து எந்த உடையிலிருந்து தப்பித்தேனோ அந்த உடைக்குள்ளேயே நின்றேன். "யாராச்சும் பாத்தா?" என்றேன்.

"சுவரத்தான் பாப்பாங்க. ஒன்னய எவன் பாக்குறான்?" என்றாள் அம்மா.

பார்ப்பதற்கு ஒருவர் இருந்தார். எதிர் வீட்டு அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். காலையில் வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டு ஆங்கிலச் செய்தித்தாளை விரித்தாரானால் அது மதியம்வரை மடியாது. முதல் நாளே கேட்டார்: "பிள்ளை, உமக்கு உது ஏலுமோ? ஆளைப் பிடிச்சுச் செய்யலாம் தானே?"

"நானே செய்றேன் அங்கிள்."

"சரி, சரி. செய்யும், பாப்பம்." அன்றிலிருந்து நாற்காலி கொஞ்சம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

காலை ஐந்தரைக்கு அம்மா பெரட்டு எடுத்தாள். தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். எங்கள் பெரட்டில் நான் ஒருத்திதான். ஆனாலும் அம்மா அடுக்களை வாசலில் நின்று, "ஆளு வந்துருச்சா?" என்பாள். "வந்துருச்சு" என்று நானே பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் தூக்கத்தில் பதில் சொல்லாமல் இருந்தேன். "ஆளு வரலே, ஆப்சன்" என்று சொல்லி என் காப்பியை அவளே குடித்துவிட்டாள்.

இவ்வளவு சீக்கிரம் தொடங்கியதற்குக் காரணம் மழை. அந்த மாதங்களில் ஈப்போவில் மத்தியானம் மூன்றரை, நாலு மணிக்கு மழை கடிகாரம் பார்த்து வரும். அதற்குள் அடித்தது காய்ந்திருக்க வேண்டும். காலை வேலையை வெயில் ஏறுவதற்குள் முடிப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புதிதல்ல.

பழைய சுண்ணாம்பை முதலில் சுரண்டி எடுத்தோம். நான் கடையில் வாங்கிய தகட்டால் சுரண்டினேன். அம்மா தன் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தின் பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவி, உள்ளே காயம் படாமல் எடுத்த கை அது. சுண்ணாம்பு மட்டும் சுருள் சுருளாக வந்தது, சிமெண்டில் ஒரு கீறல் விழவில்லை. நான் சுரண்டிய இடத்தில் குழிகள். "என்னாடி, மரத்த இப்புடி வெட்டியிருந்தீன்னா வெட்டுப் பாக்க வர்ற மண்டோர் உன்னய மரத்துலயே கட்டிப் போட்டுருப்பான்" என்றாள். பிறகு அந்தக் குழிகளை அடைக்க நான் பட்டி குழைத்துப் பூசினேன். கம்பி பிரஷால் பாசியைத் தேய்த்துக் கழுவினோம். நாலு நாள் காயவிட்டோம். அடிப்பூச்சு ஒன்று பூசினேன். டின்னில் எழுதியிருந்த வரிசையை ஒன்றுகூடத் தாண்டவில்லை.

இதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து தாளின் மூலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்பா தினமும் சாயங்காலம் வந்து மேற்பார்வை பார்ப்பார். அவருக்கு அப்போது சுண்ணாம்புக் கல் குவாரியில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூளோடு வந்து நிற்பார். எங்கள் வீட்டில் முதலில் வெள்ளையடிக்கப்பட்டது அவர்தான். "அங்கயே நில்லுங்க, கிட்ட வராதீங்க, ஈரம்!" என்று நான் கத்துவேன். அவர் வேலிக்கு அப்பால் நின்றே, "ம். இன்னும் தொடங்கலே போல" என்பார்.

வண்ணம் வாங்கிய கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர், சீனர். எங்களோடு பாதி மலாயும் பாதித் தமிழுமாகப் பேசுவார். பிரஷோடு ஒரு ரோலரையும் எடுத்து மேசை மேல் வைத்தார். "அமோய், ரோலர் அம்பில் லா. செனாங். சுவரு பெருசு."

ரோலரை எடுத்துக்கொள், சுலபம் என்று அவர் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. "தா மாவ், வேணாம். பிரஷ் போதும்" என்றேன்.

"பிரஷ் சூசா ஓ" என்று தலையை ஆட்டினார். கஷ்டம் என்று எச்சரித்தார். நான் படித்தவள் என்பதை அவரிடமும் சொன்னதாக ஞாபகம்.

முன்சுவரை இரண்டு காலையில் அடித்தேன். இரண்டு எண்ணெய்த் தகர டின்களுக்கு மேல் பலகை போட்டு ஏறி நின்றேன். தண்ணீர் அளவாகக் கலக்க வேண்டும் என்று டின்னில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் நான் மதிக்கவில்லை. கெட்டியாக அடித்தால் நிறம் அழுத்தமாகப் பிடிக்கும் என்று என் அறிவு சொல்லியது. கை நின்ற பாட்டில் இல்லை. ஒரு இழுப்பு, அடுத்த இழுப்பு, அதற்கடுத்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று. பக்கச் சுவரையும் அப்படியே அடுத்த மூன்று காலையில் முடித்தேன். இரண்டு சுவர், ஒரு பூச்சு. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். அடுக்களையில் போய் அம்மாவிடம், "தாள வெளிய எடுத்து வையுங்க" என்றேன்.

அன்றைக்கு மழை சீக்கிரம் பெய்து சீக்கிரம் விட்டது. ஐந்தரை மணிக்குச் சாய்ந்த வெயில் வந்தது. எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. மேற்கேயிருந்து வந்த வெயில் முன்சுவரை உரசிக்கொண்டு போனது. அப்பா அப்போதுதான் வேலியடியில் வந்து நின்றார். எதிர் வீட்டு அங்கிள் செய்தித்தாளை மடித்தார். மடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுந்தார். சாலையைக் கடந்து வந்தார்.

"தம்பி, ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது. உங்கட வீடு தாழுது."

"என்னாங்கய்யா?"

"வீடு, வீடு. வலப்பக்கம் இறங்குது. இந்த நிலம் முந்தி ஈயக் குட்டை எண்டு நான் அப்பவே சொன்னனான். எங்கட மனுசி கேக்கேல்லை. முப்பது வருசம் தண்டவாளத்தோட சீவிச்சனான், சரிவு எண்டா எனக்குத் தெரியாதே? அங்கால பாரும், கோடெல்லாம் ஒரு பக்கமாப் போகுது!"

பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. சந்தன நிறச் சுவரில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மேலிருந்து கீழ்வரை, நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். எல்லாம் இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து சரிந்து கிடந்தன. வெயில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் கொடுத்திருந்தது. வீடு அப்படியே தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

அம்மா உள்ளே ஓடி முதலில் டிரங்குப் பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். "என்னாங்க, அடுப்ப அணைக்கவா, வேணாமா?" என்று கத்தினாள். அப்பா ஒரு ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் கழுத்துவரை நீர் நிரப்பி மூடி, சன்னல் கட்டை மேல் படுக்க வைத்தார். நாங்கள் நான்கு பேரும் குனிந்து அதற்குள்ளிருந்த காற்றுக் குமிழையே பார்த்தோம். குமிழ் கொஞ்சம் அலைந்தது. பிறகு நட்ட நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றச் சன்னலில் வைத்துப் பார்த்தார். வாசற்படியில் வைத்துப் பார்த்தார். எங்கேயும் நடுவில்தான்.

"வீடு நேராத்தான் நிக்கிதுய்யா" என்றார்.

"அப்ப உந்தக் கோடு?"

அப்பா சுவருக்குக் கிட்டப் போனார். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக இழுத்தார். அடுத்த கோட்டில் இழுத்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு, அந்தச் சுண்ணாம்புத் தூளில் இரண்டு கோடு.

"ஏ புள்ள, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "ஒம்மக சுவரு அடிக்கலே. பால் வெட்டியிருக்கா!"

அம்மா வந்து பார்த்தாள். பால்மரத்தில் போடும் வெட்டு எப்போதும் அப்படித்தான். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும். அப்போதுதான் பால் வழிந்து கீழே கட்டிய மங்குக்குள் விழும். என் பத்து வயதிலிருந்து பள்ளி விடுமுறை தோறும் அம்மாவோடு போயிருக்கிறேன். முதலில் மங்கு துடைக்க. பதின்மூன்று வயதில் என் கையிலும் ஒரு கத்தி வந்தது. ஈப்போவுக்கு வந்த பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாம் படிவத் தோழிகள் யாருக்கும் தெரியாது. எனக்கே மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கைக்கு மறக்கவில்லை.

"சரிவு சரியாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, நிபுணர் மாதிரி. "ஒரு வெட்டுகூடத் தப்பலே பாருங்க. அப்பவே சொன்னேன், இவளுக்கு நல்ல கைன்னு."

எதிர் வீட்டு அங்கிளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா சொன்னார். என் சட்டை, தலைத் துண்டு எல்லாவற்றையும் அங்கிள் ஒரு முறை புதிதாகப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லது. வீடு விழேல்லைத் தானே, அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெரட்டுக்கு எழுந்து வந்தபோது முன்சுவரின் வலது மூலையில், கோடுகள் எல்லாம் போய் முடிகிற இடத்தில், ஆணியில் கம்பி சுற்றி ஒரு மங்கு தொங்கியது. எங்களுடையதுதான், அம்மா உப்புப் போட்டு வைப்பது. உப்பைக் கொட்டிவிட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். யார் செய்தது என்று இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை.

"எவ்வளவு பால் விழுந்துருக்கு?" என்றார் அப்பா, குவாரிக்குக் கிளம்பிக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. அப்போது சிரிக்கவில்லை. மங்கைக் கழற்றி அடுக்களையில் வைத்துவிட்டு, "இத எல்லாம் தேச்சுட்டு மறுபடி அடிக்கப் போறேன். நேரா" என்றேன்.

அங்கேதான் ஆட்டம் தலைகீழானது. அப்பா சைக்கிளை நிறுத்தினார். "எதுக்கு? அடிச்சாச்சுல்ல. நல்லாத்தானே இருக்கு. பின்சுவர அடிச்சு முடிச்சுரு, நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

"இது முடிஞ்ச வேல இல்ல."

"நான்தான் சொல்றேனே முடிஞ்சுருச்சுன்னு! வெயிலு சாஞ்சாத்தான் தெரியிது. சாயங்காலம் எவன் வந்து பாக்கப் போறான்?"

"எதுத்த வீட்டு அங்கிள் பாப்பாரு."

"அவருக்காகவா?"

அவருக்காகத்தான். அப்போது அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டு நாள்தான் இருக்கு பாப்பா" என்றார் அப்பா. முதல் தடவையாக அவர் குரலில் கவலை. நான் முடிக்க மாட்டேன் என்று சொன்னவர், இப்போது நான் நிறுத்த மாட்டேன் என்று பயந்தார்.

உப்புத்தாளை வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். இந்த முறை டின்னில் போட்டபடி தண்ணீர் கலந்தேன். மேலிருந்து கீழே நேராக இழுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிரஷை வைத்தேன். முதல் பத்து இழுப்பு நேராக வந்தது. பதினோராவதில் நான் வேறெதையோ நினைத்தேன்; கை சரிந்தது. அம்மாவைப் பின்னால் நிற்க வைத்து, "நேரா, நேரா" என்று சொல்லச் சொன்னேன். அவள் ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த ராகத்துக்கு ஏற்பக் கை இன்னும் ஒழுங்காகச் சரிந்தது. ரோலர் வாங்கப் போகலாம். ஆனால் தவுக்கே சிரிப்பார். அவர் சிரிப்பதைவிட மழையில் நனையலாம்.

எரிச்சலில் பிரஷை இடது கைக்கு மாற்றினேன். வலது கையைச் சும்மா உதறிக்கொள்ளத்தான் மாற்றினேன். ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். கோழி கிளறியது போல இருந்தது, ஆனால் சரிவு இல்லை. அந்தக் கைக்கு எந்தப் பக்கம் இழுப்பது என்றே தெரியவில்லை. எங்கே இழுக்கச் சொல்கிறேனோ அங்கே மட்டும் போனது.

அதற்குப் பிறகு நாலு காலைகள் இடது கையால் அடித்தேன். வலது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் அது தானே வந்து பிரஷைப் பிடுங்கியது. ஒரு கையைக் கட்டிக்கொண்டு பலகை மேல் நின்று நான் அடிப்பதைப் பார்த்து எதிர் வீட்டு அங்கிள் செய்தித்தாளை விரிப்பதையே விட்டுவிட்டார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் வேலியடிக்கு வந்தார்.

"பிள்ளை, வலக்கையில காயமோ?"

"இல்ல அங்கிள். அதுக்கு லீவு குடுத்திருக்கேன்."

"ஏன்?"

"அது ரொம்ப நாள் பால் வெட்டின கை" என்றேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

"ஓ" என்றார். "பலகையை நான் பிடிக்கட்டே? ஆடுது."

"பலகை பிடிக்கிறது விதியில இல்லையே" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல். ஆனாலும் அவர் பிடித்துக்கொண்டார்.

முன்சுவரும் பக்கச் சுவரும் முடிந்தபோது தீபாவளிக்கு முந்தைய நாள் விடிந்துவிட்டது. பின்சுவரில் அடிப்பூச்சு மட்டும் இருந்தது. இடது கையால் அதை அடிக்க இரண்டு காலை வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று, அதிலும் மழைக்கு முந்தியது. அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பாவுக்கு அன்று விடுமுறை. பின்வாசலில் உட்கார்ந்து, பார்க்காதவர் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் துண்டை அவிழ்த்தேன். பிரஷை வலது கையில் கொடுத்தேன்.

அது போன வேகத்தை என்ன சொல்ல! வண்ணத்தை மட்டும் சரியான பதத்துக்குக் கரைத்திருந்தேன். மற்றபடி கையை அதன் இஷ்டத்துக்கு விட்டேன். மூலையிலிருந்து மூலைக்கு, மரத்துக்கு மரம் போவது போல. பதினோரு மணிக்குச் சுவர் முடிந்தது. மூன்று மணிக்குக் காய்ந்தது. மூன்றேமுக்காலுக்கு மழை வந்தது. நாங்கள் மூவரும் பின்வாசலில் நின்று மழை சுவரில் அடிப்பதைப் பார்த்தோம். சொட்டு வண்ணம்கூடக் கீழே வழியவில்லை.

மழை விட்டதும் அப்பா பின்சுவரைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். உற்றுப் பார்த்தால் தெரிந்தது.

"இது?" என்றார்.

"பின்சுவரு அம்மாவுக்கு. அவங்கதான் பாத்திரம் கழுவும்போது பாக்கப் போறாங்க" என்றேன்.

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றாள் அம்மா. "முன்சுவரு எடது கையில சோறு தின்ன மாதிரி இருக்கு."

அப்பா உள்ளே போய் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தேன். பழைய நாட்காட்டித் தாளில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டு, பிறகு மூச்சைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். அது புள்ளிக்கோட்டுக்கு மேலே தொடங்கி, சரிந்து, கோட்டுக்குக் கீழே வந்து முடிந்தது. அம்மா முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக அடுக்களைக்குப் போனாள்.

"பெருநாளு முடியட்டும். திங்கக்கிழமை நானே டவுன்ல போயிப் போட்டுர்றேன்" என்றார் அப்பா, தாளை மறுபடி முருகன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டே. "நீ பாட்டுக்கு எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துருவே."

தீபாவளி காலை வெளுத்துக்கொண்டு வரும்போது அம்மா அடுக்களை வாசலில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று பெரட்டு எடுத்தாள். "ஆளு வந்துருச்சா?" பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். அப்பா எழுந்து முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். அப்போது நான் அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலிக் கதவுக்குள் வந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, சடையில் ஒரு இலை.

"எங்கடி போனே எண்ண தேய்க்காம?"

"சாலை முனைக்கு. தபால் பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

"இன்னிக்கு லீவு. திங்கக்கிழம வரைக்கும் எவனும் எடுக்க மாட்டானே லா" என்றார் அப்பா.

"தெரியும்" என்றேன்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார். "சைக்கிள்லயா போனே? எப்புடி எறங்குனே?"

"அதான் தபால் பெட்டி இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க்குத் தலையைக் குனிந்தேன்.